பூமி நகர்கிறது என்று ஐரோப்பா ஏற்றுக்கொண்டது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பூமி சூரியனைச் சுற்றுகிறது என்று வாதிட்ட கோப்பர்நிக்கஸின் நூல் 1543-ல் அச்சானது. பூமி நகர்வதற்கு முதல் நேரடிச் சான்று வெளியானது 1729-ல். இடையில் 186 ஆண்டுகள். ஒரு மேதை உண்மையைச் சொன்னார், திருச்சபை தடுத்தது, கடைசியில் உண்மை வென்றது என்று பாடப்புத்தகங்கள் இந்தக் காலத்தை இரண்டு வரியில் தாண்டிவிடுகின்றன. நடந்தது இதைவிட மெதுவான கதை, என் கண்ணுக்கு இதைவிட அழகான கதையும்கூட. எதிர்த்தவர்களில் பலர் முட்டாள்கள் இல்லை. அவர்கள் எழுப்பிய கேள்விகளுக்குப் பதில் தேடித்தான் புதிய இயற்பியலே பிறந்தது. இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் எழும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறேன்.

கோப்பர்நிக்கஸ் உண்மையில் என்ன சொன்னார்?

நிக்கோலாஸ் கோப்பர்நிக்கஸ் (1473–1543) இன்றைய போலந்தின் தோருன் நகரில் பிறந்தவர். கிராக்கோவிலும் இத்தாலியிலும் படித்தவர். திருச்சபை நிர்வாகத்தில் பதவி வகித்துக்கொண்டே வானியலும் செய்தார். அவர் சொன்னவை இரண்டு: பூமி தன்னைத்தானே நாளுக்கு ஒருமுறை சுற்றுகிறது, மற்றக் கோள்களோடு சேர்ந்து ஆண்டுக்கு ஒருமுறை சூரியனையும் சுற்றிவருகிறது.

இதில் பெரிய லாபம் ஒன்று இருந்தது. செவ்வாய் சில மாதங்களில் பின்னோக்கி நகர்வதுபோல் தெரியும். பூமியை மையத்தில் வைத்த பழங்கால வானியலாளர் தாலமியின் பழைய முறையில் அதற்குத் தனியாக ஒரு சின்ன வட்டம் சேர்க்க வேண்டும். பூமியும் ஓடுகிறது, செவ்வாயை முந்திச் செல்கிறது என்று வைத்துக்கொண்டால் அந்தப் பின்னோட்டம் தானாகவே விளங்கிவிடும். எந்தக் கோள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்ற வரிசையும் கிடைத்துவிடும்.

ஆனால் அவர் கோள்களின் பாதையை வட்டமாகவே வைத்துக்கொண்டார். அதனால் கணக்கு பொருந்துவதற்கு அவரும் சின்ன வட்டங்களை அடுக்க வேண்டியதாயிற்று. அவருடைய முறை பழையதைவிட மிக எளிமையானது என்று பலர் எழுதுகிறார்கள், அது சரியல்ல. பழையதைவிடப் பெரிதாகத் துல்லியமானதும் அல்ல.

திருச்சபைக்குப் பயந்துதான் சாகும்வரை நூலை வெளியிடாமல் வைத்திருந்தாரா?

முக்கியமாகச் சக அறிஞர்களின் கேலிக்குத்தான் பயந்தார். நூலின் முன்னுரையில் அவரே அதை ஒத்துக்கொள்கிறார். அந்த நூலைப் போப் மூன்றாம் பவுலுக்கே காணிக்கையாக்கினார் என்பதையும் கவனிக்க வேண்டும். 1539-ல் ரெட்டிக்கஸ் என்ற இளம் கணித ஆசிரியர், அதுவும் கத்தோலிக்கத் திருச்சபையிலிருந்து பிரிந்த லூத்தரன் சபையைச் சேர்ந்தவர், அவரைத் தேடி வந்து தங்கி, அச்சிடச் சம்மதிக்க வைத்தார். நூல் நூரம்பர்கில் அச்சானது. அச்சு வேலையை மேற்பார்த்த ஓசியாண்டர் என்ற போதகர், 'இதெல்லாம் கணக்குப் போட உதவும் ஊகம் மட்டுமே, உண்மையாக இருக்க வேண்டியதில்லை' என்ற பொருளில் பெயர் போடாமல் ஒரு முன்குறிப்பை நுழைத்துவிட்டார். வெகுகாலம் பலர் அதைக் கோப்பர்நிக்கஸே எழுதியதாக நினைத்தார்கள்.

அப்படியானால் அறிஞர்கள் ஏன் உடனே ஏற்கவில்லை?

இந்தக் கேள்விக்குத்தான் பொறுமையாகப் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லோரும் தாண்டிப் போகும் இடம் இதுதான்.

முதல் ஆட்சேபம் விண்மீன்களைப் பற்றியது. கையை நீட்டிக் கட்டைவிரலை ஒரு கண்ணால் பாருங்கள், அப்புறம் மறு கண்ணால் பாருங்கள். பின்னால் இருக்கும் சுவரில் விரல் இடம் மாறித் தெரியும். பூமி அவ்வளவு பெரிய பாதையில் ஓடுகிறது என்றால், ஜனவரியில் பார்த்த விண்மீன் ஜூலையில் கொஞ்சமாவது இடம் மாறித் தெரிய வேண்டும் அல்லவா? யாருக்கும் அப்படித் தெரியவில்லை. 'விண்மீன்கள் மிக மிகத் தூரத்தில் இருக்கின்றன, அதனால் தெரியவில்லை' என்றார் கோப்பர்நிக்கஸ். அது சரிதான். ஆனால் அன்றைக்கு அது தப்பித்துக்கொள்ளச் சொன்ன சாக்கு போலத்தான் ஒலித்திருக்கும்.

இரண்டாவது ஆட்சேபம் முதலாவதிலிருந்தே வருகிறது. வெறும் கண்ணுக்கு விண்மீன்கள் சிறு வட்டுபோல் ஓர் அளவோடு தெரிகின்றன. அவ்வளவு தூரத்தில் இருந்தும் அந்த அளவு தெரிகிறது என்றால் அவை எவ்வளவு பெரியவையாக இருக்க வேண்டும்? டென்மார்க்கின் வானியலாளர் டைக்கோ பிராஹி கணக்குப் போட்டுப் பார்த்தார். நடுத்தர ஒளியுள்ள ஒரு விண்மீனே பூமியின் சுற்றுப்பாதை அளவுக்குப் பெரிதாக இருக்க வேண்டும் என்று வந்தது. அபத்தம் என்று ஒதுக்கினார். அந்த வட்டு உண்மையான அளவே இல்லை, ஒளியும் கண்ணும் சேர்ந்து உண்டாக்கும் தோற்றம் என்பது வெகுகாலம் கழித்துத்தான் முழுமையாக விளங்கியது.

மூன்றாவது நம் காலடியிலேயே இருக்கிறது. பூமத்திய ரேகையில் பூமி மணிக்குச் சுமார் 1,670 கிலோமீட்டர் வேகத்தில் சுழல வேண்டும். அப்படியானால் கோபுரத்திலிருந்து போட்ட கல் ஏன் நேராக அடியில் விழுகிறது? கல் இறங்கி வருவதற்குள் கோபுரம் பல நூறு மீட்டர் தள்ளிப் போயிருக்க வேண்டாமா? அரிஸ்டாட்டிலின் இயற்பியலில் இதற்குப் பதிலே இல்லை. பூமியை நகர்த்துவதானால் இயற்பியல் முழுவதையும் மாற்ற வேண்டும். ஒரு வானியலாளர் கேட்டார் என்பதற்காக அதைச் செய்ய யார் முன்வருவார்கள்?

இவற்றையெல்லாம் வைத்துப் பார்த்தால், 1560-ல் வாழ்ந்த நேர்மையான ஓர் அறிஞர் கோப்பர்நிக்கஸை ஏற்க மறுத்ததில் நான் குறை காண மாட்டேன்.

அவருடைய கணக்கையாவது பயன்படுத்தினார்களா?

நன்றாகவே. ராய்ன்ஹோல்ட் என்பவர் அந்தக் கணக்குகளை வைத்து 1551-ல், எந்த நாளில் எந்தக் கோள் எங்கே இருக்கும் என்று காட்டும் கோள் அட்டவணைகளை வெளியிட்டார். 1582-ல் நாட்காட்டியைத் திருத்தியபோதும் அவை கைகொடுத்தன. (அந்த ஆண்டு, திருத்தத்தை ஏற்ற நாடுகளில் அக்டோபர் 4-க்கு அடுத்த நாள் அக்டோபர் 15.) கணக்கை எடுத்துக்கொண்டு கருத்தை விட்டுவிடுவது அன்றைய வானியலாளர்களுக்கு வழக்கமான வேலைதான்.

ஆரியபட்டர் முன்பே சொல்லிவிட்டாரே? அரபு அறிஞர்கள்?

எதைச் சொன்னார்கள் என்று சரியாகப் பிரித்துப் பார்த்தால்தான் அவர்களுக்கு உரிய பெருமை கிடைக்கும். கி.பி. 499 வாக்கில் ஆரியபட்டர் பூமி தன்னைத்தானே சுழல்கிறது என்றார். பூமி சூரியனைச் சுற்றுகிறது என்று சொல்லவில்லை. கேரளத்தின் நீலகண்ட சோமயாஜி 1500 வாக்கில் கோள்கள் சூரியனைச் சுற்றுகின்றன, சூரியன் பூமியைச் சுற்றுகிறது என்ற அமைப்புக்கு வந்தார். ஏறத்தாழ 90 ஆண்டுகள் கழித்து டைக்கோ பிராஹி முன்வைத்ததும் கிட்டத்தட்ட இதே அமைப்புதான். ஒன்றிலிருந்து மற்றொன்று போனதற்குச் சான்று கிடையாது. கிரேக்கத்தில் அரிஸ்டார்க்கஸ் கி.மு. மூன்றாம் நூற்றாண்டிலேயே சூரியனை மையத்தில் வைத்தார்.

அரபு, பாரசீக அறிஞர்களின் பங்கு இன்னும் நெருக்கமானது. பாரசீகத்தின் மராகா வானாய்வகத்தைச் சேர்ந்த நசீருத்தீன் தூசி 13-ஆம் நூற்றாண்டில் கண்ட வட்ட இணைப்பு முறை (ஒரு வட்டத்துக்குள் இன்னொன்றை உருட்டி நேர்கோட்டு அசைவைப் பெறுவது) கோப்பர்நிக்கஸின் நூலில் அப்படியே வருகிறது. கோப்பர்நிக்கஸ் நிலவுக்குத் தந்த மாதிரி, டமாஸ்கஸில் வாழ்ந்த இப்னு அல்-ஷாதிரின் மாதிரியோடு ஒத்துப்போகிறது. எந்த வழியாக அவருக்கு வந்து சேர்ந்தது என்பதில் வரலாற்றாளர்களிடையே இன்னும் விவாதம் நடக்கிறது. ஐரோப்பா வெறுமையிலிருந்து தொடங்கவில்லை என்பதில் விவாதமில்லை.

டைக்கோ பிராஹி கோப்பர்நிக்கஸை மறுத்தவர்தானே? அவரை ஏன் கொண்டாடுகிறார்கள்?

அவர் அளந்தார். 1572-ல் காசியோப்பியா விண்மீன் கூட்டத்தில் புதிதாக ஒரு விண்மீன் பளிச்சிட்டது. அது நிலவுக்கு அப்பால் இருக்கிறது என்று அளந்து காட்டினார். வானம் மாறவே மாறாது என்ற நம்பிக்கைக்கு அது ஓர் அடி. 1577-ல் வந்த வால்மீனும் நிலவுக்கு அப்பால்தான் போயிற்று. அப்படியானால் கோள்களைத் தாங்கி நிற்பதாகச் சொன்ன பளிங்குக் கோளங்கள் எங்கே?

டென்மார்க் மன்னர் கொடுத்த வென் தீவில் பெரிய வானாய்வகம் கட்டினார். அச்சகமும் காகித ஆலையும் அங்கேயே இருந்தன. தொலைநோக்கி வராத காலம் அது. பெரிய கருவிகளை வைத்து, வெறும் கண்ணால், ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு அளவுக்குத் துல்லியமாக 20 ஆண்டுகள் குறித்துவைத்தார். தம் கோட்பாட்டில் அவர் தவறினார். அவருடைய அளவுகள் நின்றன.

கெப்லர் செய்தது என்ன?

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்தவர் இவர்தான்.

யோகான்னஸ் கெப்லர் (1571–1630) 1600-ல் பிராகாவில் டைக்கோவிடம் வேலைக்குச் சேர்ந்தார். அடுத்த ஆண்டே டைக்கோ இறந்தார். செவ்வாயின் பாதையைக் கண்டுபிடிப்பது கெப்லரின் பொறுப்பாயிற்று. வட்டப் பாதையை வைத்துக்கொண்டு, எழுபது தடவையாவது திரும்பத் திரும்பக் கணக்குப் போட்டதாக எழுதுகிறார். கையில், காகிதத்தில். கடைசியில் அழகாகப் பொருந்தும் ஒரு மாதிரி கிடைத்தது. ஆனால் அதைச் சோதித்தபோது சில இடங்களில் 8 நிமிடக் கோண அளவு (ஒரு பாகையில் 60 நிமிடம்) தவறியது. முழு நிலவின் அகலம் சுமார் 30 நிமிடம்; அதில் கால் பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். கோப்பர்நிக்கஸாக இருந்தால் அதைப் பொருட்படுத்தியே இருக்க மாட்டார், அவர் கையிலிருந்த அளவுகளே அவ்வளவு துல்லியம் இல்லை. கெப்லருக்கோ டைக்கோவின் அளவுகளில் அவ்வளவு பிழை இருக்காது என்று தெரியும். எனவே வருடக்கணக்கில் கட்டியதைத் தாமே இடித்தார். இரண்டாயிரம் ஆண்டுகளாக யாரும் கைவைக்காத வட்டத்தையும் விட்டார். செவ்வாயின் பாதை நீள்வட்டம் என்று 1609-ல் வெளியிட்டார்.

1619-ல் கோள்களின் ஓட்டத்தைப் பற்றிய அவருடைய மூன்றாவது விதி வந்தது: ஒரு கோள் சுற்றிவரும் காலத்தின் இருமடியும், சூரியனிலிருந்து அதன் சராசரித் தூரத்தின் மும்மடியும் ஒரே விகிதத்தில் இருக்கும். வியாழனை வைத்துப் பாருங்கள். பூமியைவிட 5.2 மடங்கு தூரம், சுற்றிவர 11.86 ஆண்டுகள். 5.2-ன் மும்மடியும் 11.86-ன் இருமடியும் சுமார் 140 தான். கால்குலேட்டரில் போட்டுப் பாருங்கள், எனக்கு இப்போதும் மெய்சிலிர்க்கிறது.

இதெல்லாம் நடந்தபோது அவர் வாழ்க்கை அமைதியாக இல்லை. முப்பதாண்டுப் போர் 1618-ல் தொடங்கியது. அவருடைய தாய் கத்தரீனா சூனியக்காரி என்று குற்றம்சாட்டப்பட்டு 14 மாதம் சிறையில் கிடந்தார். கெப்லர் நேரில் போய் வழக்கை நடத்தி 1621-ல் மீட்டார். இத்தனைக்கும் நடுவில் 1627-ல் புதிய கோள் அட்டவணைகளை அச்சிட்டார். அவற்றைக் கொண்டு, 1631 நவம்பரில் புதன் சூரியனின் முகத்தைக் கடக்கும் என்று முன்கூட்டிச் சொல்லியிருந்தார். பாரிஸில் கசெந்தி என்ற வானியலாளர் அதைப் பார்த்தார். அதற்கு ஓராண்டு முன்பே கெப்லர் இறந்துவிட்டார். படித்தவர்களின் மனத்தை மாற்றியதில், என் கணிப்பில், தொலைநோக்கிக்கு இணையான பங்கு இந்த அட்டவணைகளுக்கும் உண்டு. சரியாக வரும் கணக்கை நெடுநாள் ஒதுக்க முடியாது.

தொலைநோக்கியில் கலிலியோ பார்த்ததோடு விவாதம் முடிந்துவிடவில்லையா?

முடியவில்லை. 1608-ல் நெதர்லாந்தில் தொலைநோக்கி வெளிவந்தது. அடுத்த ஆண்டு கலிலியோ தாமே நல்லதாக ஒன்று செய்தார். நிலவில் மலைகள் இருப்பதைப் பார்த்தார். 1610 ஜனவரியில் வியாழனைச் சுற்றி நான்கு நிலவுகளைக் கண்டார். எல்லாமே பூமியைத்தான் சுற்றுகின்றன என்ற வாதம் அங்கே உடைந்தது. அதே ஆண்டு முடிவில் வெள்ளியும் நிலவுபோலத் தேய்ந்து வளர்வதைப் பார்த்தார். அது சூரியனைச் சுற்றினால்தான் அப்படி முழுச் சுற்றாகத் தெரியும்.

பழைய தாலமி முறை இதோடு வீழ்ந்தது. ஆனால் டைக்கோவின் முறை வீழவில்லை! அதிலும் வெள்ளி சூரியனைத்தானே சுற்றுகிறது? ஆகவே 1610-க்குப் பிறகு போட்டி கோப்பர்நிக்கஸுக்கும் டைக்கோவுக்கும் இடையில்தான். இதை விட்டுவிட்டால் அடுத்து வந்த விசாரணையும் புரியாது.

சரி, கலிலியோவை ஏன் தண்டித்தார்கள்?

தண்டனை அநியாயம். அதில் எனக்கு இரண்டாம் கருத்து கிடையாது. காரணங்கள் மட்டும் பல.

1615-ல் கர்தினால் பெல்லார்மின் எழுதிய கடிதம் ஒன்று இருக்கிறது. உண்மையான நிரூபணம் இருந்தால், பூமி அசையாது என்று சொல்வதாகக் கொள்ளப்பட்ட வேதவாக்கியங்களுக்கு வேறு பொருள் சொல்ல வேண்டியிருக்கும், ஆனால் அப்படியொரு நிரூபணத்தை இதுவரை யாரும் எனக்குக் காட்டவில்லை என்கிறார். அன்றைய நிலையில் அது உண்மை. 1616-ல் கோப்பர்நிக்கஸின் நூல் 'திருத்தும்வரை' நிறுத்திவைக்கப்பட்டது. 1620-ல் வந்த திருத்தங்கள் சில வரிகளை மட்டும் மாற்றின.

1632-ல் கலிலியோ, பூமி நகர்கிறதா என்பதை விவாதிக்கும் தம் உரையாடல் நூலை இத்தாலிய மொழியில் வெளியிட்டார். ஒருகாலத்தில் அவருக்கு நண்பராக இருந்த போப் எட்டாம் உர்பானின் வாதத்தை, நூலில் தோற்றுக்கொண்டே இருக்கும் சிம்ப்ளிசியோ என்ற பாத்திரத்தின் வாயில் வைத்தார். போரும் அரசியலும் போப்பை நெருக்கிக்கொண்டிருந்த நேரம் அது. 1633 ஜூன் 22 அன்று, 69 வயது முதியவர் மண்டியிட்டுத் தம் கருத்தைக் கைவிட வேண்டியதாயிற்று. தீர்ப்பில் பத்து கர்தினால்களில் ஏழு பேர்தான் கையெழுத்திட்டார்கள். 1642-ல் சாகும்வரை வீட்டுக்காவல்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பூமி நகர்வதற்கு அவர் பெரிதும் நம்பிய சான்று கடலின் ஏற்றவற்றம். அது தவறான சான்று. கெப்லரின் நீள்வட்டத்தையும் அவர் ஏற்றுக்கொள்ளவில்லை.

'ஆனாலும் அது நகர்கிறது' என்று அவர் முணுமுணுத்தது உண்மையா?

விசாரணைக் காலப் பதிவுகள் எதிலும் இல்லை. 18-ஆம் நூற்றாண்டு அச்சு நூல்களில்தான் பரவியது.

ஜோர்டானோ புரூனோவை இதற்காகத்தானே எரித்தார்கள்?

1600 பிப்ரவரி 17 அன்று ரோமில் அவரை உயிரோடு எரித்தார்கள். கிறிஸ்துவின் தெய்வத்தன்மை, திரித்துவம் போன்றவற்றை மறுத்தார் என்பவையே முதன்மைக் குற்றச்சாட்டுகள். எண்ணற்ற உலகங்கள் உண்டு என்ற அவருடைய கருத்தும் பட்டியலில் இருந்தது. கருத்துக்காகக் கொல்லப்பட்டார், ஆனால் கோப்பர்நிக்கஸ் வானியலுக்கென்று மட்டும் கொல்லப்பட்டவர் என்று சொல்ல முடியாது.

கோபுரத்திலிருந்து விழும் கல்லுக்கு என்ன பதில் கிடைத்தது?

சீராக ஓடும் கப்பலின் உள்ளறையில் இருப்பவருக்குக் கப்பல் ஓடுவதே தெரியாது, அங்கே விழும் பொருளும் நேராகத்தான் விழும் என்றார் கலிலியோ. கல்லும் பூமியோடு சேர்ந்தே ஓடிக்கொண்டிருக்கிறது. 1640-ல் கசெந்தி மார்செய் துறைமுகத்துக்கு அருகே ஓடும் கப்பலின் பாய்மர உச்சியிலிருந்து கல்லைப் போடச் செய்து பார்த்தார். பாய்மரத்தின் அடியிலேயே விழுந்தது.

எதிர்த்தரப்பும் சும்மா இருக்கவில்லை. யேசு சபைத் துறவி ரிச்சியோலி 1651-ல் ஒரு பெருநூல் எழுதினார். பூமி நகர்வதற்கு ஆதரவாக 49 வாதங்கள், எதிராக 77, ஒவ்வொன்றுக்கும் மறுப்போடு. பூமி சுழன்றால் வடக்கு நோக்கிச் சுட்ட பீரங்கிக் குண்டு கொஞ்சம் விலக வேண்டுமே என்பது அவற்றில் ஒன்று. அந்த விலகல் உண்மையிலேயே உண்டு! அன்றைய பீரங்கியால் காட்ட முடியாத அளவுக்குச் சிறியது, அவ்வளவுதான். ஒருவர் தவறான பக்கத்தில் நின்றுகொண்டு இவ்வளவு சரியாகச் சிந்திக்க முடியும் என்பதற்காகவே ரிச்சியோலியைப் படிக்க வேண்டும் என்பேன். நிலவின் பள்ளங்களுக்குப் பெயர் வைத்தவரும் அவர்தான். பெரிய அழகான பள்ளம் ஒன்றுக்குக் கோப்பர்நிக்கஸின் பெயரையே சூட்டினார்.

நியூட்டன் எதைச் சேர்த்தார்?

காரணத்தை. கோள்கள் நீள்வட்டத்தில் ஓடுகின்றன, சரி, ஏன்? 1684-ல் வானியலாளர் எட்மண்ட் ஹாலி கேம்பிரிட்ஜுக்குப் போய், சூரியனின் இழுப்பு தூரத்தின் இருமடிக்கு ஏற்பக் குறைந்தால் பாதை எப்படி இருக்கும் என்று நியூட்டனிடம் கேட்டார். நீள்வட்டம் என்று உடனே பதில் வந்தது. மூன்றே ஆண்டுகளில், 1687-ல், அது ஒரு பெருநூலாயிற்று. லண்டன் ராயல் சொசைட்டி அதற்குள் மீன்களைப் பற்றிய ஒரு நூலுக்குப் பணத்தையெல்லாம் செலவழித்திருந்ததால், அச்சுச் செலவை ஹாலியே ஏற்றார்.

அதன் மையக் கணக்கை யாரும் பின்தொடரலாம். நிலவு பூமியின் ஆரத்தைப்போல் 60 மடங்கு தூரத்தில் இருக்கிறது. எனவே அங்கே பூமியின் இழுப்பு 3,600-ல் ஒரு பங்கு. இங்கே ஒரு பொருள் முதல் விநாடியில் சுமார் 4.9 மீட்டர் விழுகிறது. நிலவு அதே தூரத்தை ஒரு நிமிடத்தில் 'விழ' வேண்டும். நிலவின் சுற்றுப்பாதையை அளந்தால் அப்படியே வருகிறது. வானத்துக்கு ஒரு சட்டம், மண்ணுக்கு ஒரு சட்டம் என்ற பிரிவினை அத்தோடு போயிற்று. ஒரு வால்மீன் 1758 முடிவில் திரும்பும் என்று ஹாலி கணித்தார். அவர் இறந்து 16 ஆண்டுகளுக்குப் பிறகு, அந்த ஆண்டு கிறிஸ்துமஸ் இரவில், அது தென்பட்டது.

இதில் பெண்களே இல்லையா?

இருந்தார்கள், கதவுகள்தான் மூடியிருந்தன. சிலேசியாவின் மரியா குனிட்ஸ் 1650-ல் கெப்லரின் அட்டவணைகளை எளிமையாக்கி வெளியிட்டார். மரியா விங்கல்மன் 1702-ல் ஒரு வால்மீனைக் கண்டுபிடித்தார். கணவர் இறந்த பின் பெர்லின் அகாதெமியில் பதவி கேட்டபோது மறுத்துவிட்டார்கள். நியூட்டனின் நூலைப் பிரெஞ்சில் முழுமையாகத் தந்தவர் எமிலி டு ஷாத்லே. ஹாலி வால்மீன் வரும் நாளைக் கணித்த மூவரில் ஒருவர் நிக்கோல்-ரெயின் லெப்போத்.

பூமி நகர்வதற்கு நேரடிச் சான்று எப்போது கிடைத்தது?

வேறொன்றைத் தேடியபோது. ஆங்கில வானியலாளர் ஜேம்ஸ் பிராட்லி ஒரு விண்மீன் இடம் மாறித் தெரிகிறதா என்று அளக்கத் தொடங்கினார். மாறியது, ஆனால் எதிர்பார்த்த திசையில் இல்லை. பூமி ஓடுவதால் விண்மீனின் ஒளி சற்றுச் சாய்ந்து வருகிறது என்று கண்டுபிடித்து 1729-ல் வெளியிட்டார். ஆரம்பத்தில் கேட்ட அந்தக் கட்டைவிரல் இடமாற்றத்தை ஃபிரெட்ரிக் பெஸ்ஸல் 1838-ல்தான் அளந்தார். ஒரு பாகையில் பத்தாயிரத்தில் ஒரு பங்கைவிடக் குறைவு. டைக்கோவின் கருவிகளால் அதைப் பார்த்திருக்கவே முடியாது.

இந்தக் கதைக்கும் நமக்கும் ஏதாவது தொடர்பு உண்டா?

ஒரு தொடர்பு உண்டு, புதுச்சேரியில். கெப்லரின் விதி கோள்களின் தூர விகிதத்தைத்தான் தரும். உண்மைத் தூரம் வேண்டுமானால் வெள்ளி சூரியனைக் கடப்பதை உலகின் பல இடங்களிலிருந்து அளக்க வேண்டும். அதற்காகக் கப்பலேறிய பிரெஞ்சு வானியலாளர் லெ ஜாந்தீல், 1761-ல் புதுச்சேரி ஆங்கிலேயர் கையில் இருந்ததால் இறங்க முடியாமல் கடலிலேயே மாட்டிக்கொண்டார். ஆடும் கப்பலில் எதை அளப்பது? எட்டு ஆண்டு காத்திருந்து 1769 ஜூனில் புதுச்சேரியிலேயே தயாராக நின்றார். மேகம் மூடிவிட்டது.

ஆனால் அங்கே தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதரிடம் கிரகணக் கணக்கு கற்றுக்கொண்டார். 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணம் நீடித்த நேரத்தில் தமிழ்க் கணிதரின் கணக்கு 41 விநாடிதான் பிசகியது. ஐரோப்பாவின் மிகச் சிறந்த அட்டவணையான மேயரின் கணக்கு 68 விநாடி பிசகியது.

பூமி சுழல்வதை நானே பார்க்க முடியுமா?

முடியும். 1851-ல் லியோன் ஃபூக்கோ பாரிஸில் நீண்ட கம்பியில் கனமான குண்டைத் தொங்கவிட்டு ஆட்டினார். ஊசல் ஆடும் தளம் மெல்லத் திரும்பியது. உண்மையில் திரும்பியது கீழே இருந்த பூமி. பாரிஸில் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 32 மணி நேரம். டெல்லியில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்தில் இப்படியொரு ஊசல் தொங்குகிறது, அங்கே ஏறக்குறைய 50 மணி நேரம். பூமத்திய ரேகையை நெருங்க நெருங்க நேரம் கூடும்: சென்னையில் வைத்தால் சுமார் 106 மணி, கன்னியாகுமரியில் ஒரு வாரம். கலிலியோ பார்த்த வியாழ நிலவுகளுக்கு ஊசல்கூடத் தேவையில்லை. சாதாரண பைனாகுலரைச் சுவரிலோ ஸ்டாண்டிலோ அசையாமல் வைத்து, அடுத்தடுத்த இரவுகளில் பார்த்து, அவை நிற்கும் இடத்தை ஒரு நோட்டில் வரைந்துகொண்டே வாருங்கள். சூரியனை மட்டும் அதன் வழியாக ஒருபோதும் பார்க்காதீர்கள்.